சூரிய வீட்டுக்கு எந்தக் கணக்கு: மாதக் கணக்கா, மணிக் கணக்கா?

சூரிய வீடு கட்ட நினைப்பவர்களின் பேச்சு பெரும்பாலும் கூரைமேல் வைக்கும் சூரியத் தகடுகளில்தான் தொடங்குகிறது. எத்தனை கிலோவாட், பேட்டரி வேண்டுமா, இன்வெர்ட்டரை எங்கே வைப்பது. ஆனால் அந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன. வீடு எந்தத் திசை பார்க்கிறது, எந்தச் சுவரில் எவ்வளவு கண்ணாடி, கூரைக்கு என்ன வெப்பக் காப்பு, தரையும் சுவரும் கனமானவையா இலேசானவையா. தகட்டைப் பத்து வருடம் கழித்தும் கூட்டிக்கொள்ளலாம். சுவரைத் திருப்ப முடியாது. எனவே கணினி சிமுலேஷன், அதாவது வீட்டின் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது, செய்வதென்றால் வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அந்தக் கட்டத்தில் எந்தக் கருவியைக் கையில் எடுப்பது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கணினி வருவதற்கு முன்பு, கட்டிப் பார்ப்பது ஒன்றே சோதனை. 1939இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹாய்ட் ஹாட்டலின் குழு, கூரையில் வெப்பம் பிடிக்கும் தகடுகளும் அடித்தளத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டியும் கொண்ட ஒரு சிறு வீட்டைக் கட்டியது. 1948இல் விஞ்ஞானி மரியா டெல்கெஸும் கட்டடக் கலைஞர் எலியனோர் ரேமண்டும் மாசசூசெட்ஸின் டோவரில் எழுப்பிய வீடு, சூரிய வெப்பத்தைக் கிளாபர் உப்பை (நீர் சேர்ந்த சோடியம் சல்பேட்) உருக்கிச் சேமித்தது. சில குளிர்காலங்களுக்குப் பிறகு உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, சேமிக்கும் திறனை இழந்தது. ஒரு யோசனை தேறுமா என்று அறிய ஒரு முழு வீடும் சில வருடங்களும் செலவாயின. இன்று அப்படிப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு ஒரு மாலை நேரத்தில் விடை கிடைக்கிறது. உப்பு பிரிந்துபோவது போன்றவை மட்டும் கிடைக்காது. மாதிரிக்குள் நாம் எழுதாத எதையும் கணினி நமக்குச் சொல்லாது.

கருவிகளுக்குள் போகுமுன் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். வீட்டின் உடம்பே சூரியனைக் கையாளும் விதம் ஒன்று: கண்ணாடி வழியே வரும் வெயில், அதை வாங்கிவைக்கும் தரை, தடுக்கும் சன்ஷேடு. கூரையில் ஏற்றும் கருவிகள் மற்றொன்று: மின்தகடு, சுடுநீர்த் தகடு, கலன், பேட்டரி. ஒரே மென்பொருள் இரண்டையும் சமமாகச் செய்துவிடும் என்று எதிர்பார்த்தால் அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும்.

மாதக் கணக்கு

எளிய வழி, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரவு செலவு எழுதுவது. சுவர், கூரை, சன்னல், காற்றுக் கசிவு வழியாக வெளியேறும் வெப்பம் செலவு. சன்னல் வழி வெயிலும், ஆட்கள், அடுப்பு, விளக்கு ஆகியவை தரும் வெப்பமும் வரவு. பாக்கியைச் சூடாக்கும் கருவி ஈடு செய்ய வேண்டும். இந்த வகையில் பெயர் பெற்றது ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள பாசிவ் ஹவுஸ் (சூடாக்கத் தேவை மிகக் குறைந்த வீடு) நிறுவனம் 1998 முதல் வெளியிட்டுவரும் பி.எச்.பி.பி. பார்ப்பதற்கு அது ஒரு பெரிய எக்செல் கோப்புதான். அதே ஊரில் 1991இல் கட்டப்பட்ட முதல் பாசிவ் வீட்டின் அனுபவத்தில் விளைந்த கருவி அது. சூடாக்கத்துக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் கூடாது, 50 பாஸ்கல் அழுத்தச் சோதனையில் மணிக்கு வீட்டின் கொள்ளளவில் 0.6 பங்குக்கு மேல் காற்று கசியக் கூடாது என்பவை அந்தத் தரத்தின் புகழ்பெற்ற வரம்புகள்.

இதன் பெரிய பலம் ஒளிவுமறைவில்லாமை. எந்தச் சன்னல் எவ்வளவு இழக்கிறது, எந்த மூலையில் காப்பு அறுந்து வெப்பம் ஒழுகுகிறது என்று வரிவரியாகத் தெரியும். ஒரு எண் சந்தேகமாக இருந்தால் அந்தக் கட்டத்தைத் திறந்து சூத்திரத்தையே படிக்கலாம். குளிர்ப் பிரதேசத்தில், நல்ல காப்புள்ள, சன்னலில் மிகையில்லாத வீட்டுக்கு இது மிகவும் நம்பத்தக்கது.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. முழு வீட்டையும் ஒரே வெப்பநிலை கொண்ட ஒரே அறையாக எடுத்துக்கொள்கிறது. வெயில் விழும் கூடம் கொதிக்க, பின்கட்டுப் படுக்கையறை குளிர்ந்து கிடந்தாலும், தாளில் இரண்டுக்கும் நடுவிலுள்ள சராசரிதான் தெரியும். சூரிய வீடு என்பதே நிலநடுக்கோட்டைப் பார்த்த சுவரில், அதாவது வட அரைக்கோளத்தில் தெற்கிலும் தென் அரைக்கோளத்தில் வடக்கிலும், கண்ணாடியைக் குவிப்பதுதான். அந்த ஏற்றத்தாழ்வுதான் நாம் அறிய வேண்டியது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 சதுர மீட்டர் கண்ணாடி, அதன் வழியே 60 சதவீத வெயில் வெப்பம் உள்ளே வருகிறது, தெளிவான குளிர்கால நாளில் ஐந்து மணி நேரம் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைப்போம். உள்ளே நுழைவது 4.3 கிலோவாட். வீடு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 150 வாட் இழக்கிறது, வெளியே பகலில் 10 டிகிரி குறைவு என்றால் இழப்பு 1.5 கிலோவாட். மிஞ்சுவது 2.8 கிலோவாட், ஐந்து மணி நேரத்தில் 14 யூனிட். இது எங்கே போகும்? 100 சதுர மீட்டருக்கு 10 செ.மீ. கான்கிரீட் தரை இருந்தால் அதன் வெப்பநிலை இரண்டரை டிகிரி ஏறுவதோடு முடிந்துவிடும். இரவில் அதுவே திரும்பக் கிடைக்கும். இலேசான மரத் தரையும் பலகைச் சுவரும் என்றால், சேமிக்கும் திறன் ஐந்தில் ஒரு பங்குதான். அப்போது 12 டிகிரிக்கு மேல் ஏறப் பார்க்கும். அவ்வளவு ஏறுமுன் வீட்டுக்காரர் சன்னலைத் திறந்துவிடுவார். பிடித்த வெப்பமெல்லாம் வெளியே போய்விடும். இரவில் ஹீட்டர் ஓடும்.

மாதக் கணக்கும் இதை அறியாததல்ல. வரவில் எவ்வளவு உண்மையில் பயன்படும் என்று ஒரு பயன் விகிதத்தை வீட்டின் கனத்தை வைத்து அது மதிப்பிடுகிறது. ஆனால் அந்த விகிதம் சராசரி வீடுகளுக்குப் பொருத்தி எடுத்தது. வெயில் வரவு இழப்பை விஞ்சும் வீட்டில், அதாவது நாம் கட்ட நினைக்கும் வீட்டில்தான், அதன் நம்பகம் குறைகிறது.

மணிக் கணக்கு

ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஒவ்வொரு சுவரின் வெப்பநிலையையும் கணக்கிட்டுக்கொண்டே போவது அடுத்த வகை. இதில் இன்று நடுநாயகமாக இருப்பது எனர்ஜிபிளஸ். டி.ஓ.இ.-2, பிளாஸ்ட் என்ற இரண்டு பழைய நிரல்களின் வாரிசாக அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்டது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இயல்பாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிடும். அதை எளிதாகக் கையாள அதன் மேல் போர்த்திய முகப்பு மென்பொருள்கள் பல. ஓப்பன்ஸ்டூடியோ இலவசம், டிசைன்பில்டர் கட்டணம் கட்டி வாங்குவது. வீடுகளுக்கென்றே உருவான பி.ஈ.ஆப்ட், மாற்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, செலவுக்கு எது அதிகம் மிச்சப்படுத்துகிறது என்று வரிசைப்படுத்தித் தரும். ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்க்ளைட் பல்கலைக்கழகத்தில் 1970களில் பிறந்த ஈ.எஸ்.பி.-ஆர் இன்னொரு இலவச வழி. ஆழமானது, ஆனால் தானாகக் கற்பவருக்குக் கடினமானது.

இந்த வகைக் கருவிகளை எவ்வளவு நம்பலாம்? இதற்கு நேரடியான ஒரு பரீட்சை இருக்கிறது. 1995இல் ஜட்காஃப், நெய்மார்க் இருவரும் வகுத்த பெஸ்டெஸ்ட், பின்னாளில் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 140 என்ற தரநிலையாக ஆனது. 8 மீட்டருக்கு 6 மீட்டர், 2.7 மீட்டர் உயரம், தெற்கே 12 சதுர மீட்டர் கண்ணாடி. அவ்வளவுதான் பெட்டி. அதைக் குளிர்ந்த, வறண்ட, வெயில் மிகுந்த ஓரிடத்தின் வானிலையில் வைத்து எல்லா நிரல்களும் ஓட்டிக் காட்ட வேண்டும். 600 என்று எண்ணிட்ட பெட்டி இலேசான சுவருள்ளது. 900 என்பதும் அதே பெட்டிதான். காப்பை வெளிப்பக்கம் வைத்து உள்ளே 10 செ.மீ. கான்கிரீட் சுவரும் 8 செ.மீ. கான்கிரீட் தரையும் வைத்தது.

முதல் சுற்றில் பங்கேற்ற நிரல்கள், இலேசான பெட்டிக்கு ஆண்டுச் சூடாக்கம் ஏறத்தாழ 4,300 முதல் 5,700 யூனிட் என்றன. கனமான பெட்டிக்கு ஏறத்தாழ 1,200 முதல் 2,000 யூனிட். இந்த நான்கு எண்களை நிதானமாகப் பார்த்தால் இந்தத் துறையின் இயல்பு முழுவதும் தெரியும். எல்லோரும் மதிக்கும் நிரல்கள், ஒரே பெட்டிக்கு, ஒரே வானிலையில், தமக்குள் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் வேறுபட்டன. ஆனால் கனம் கூடினால் தேவை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும் என்பதில் அனைத்தும் ஒத்துப்போயின. கண்ணாடி மாறவில்லை, திசை மாறவில்லை, காப்பின் தரமும் மாறவில்லை. உள்ளே கான்கிரீட் வந்தது மட்டும்தான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: உங்கள் வீடு ஆண்டுக்கு 3,412 யூனிட் எடுக்கும் என்று திரையில் வரும் எண்ணைக் கடன் பத்திரம்போல் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சன்னலை இரண்டு சதுர மீட்டர் குறைத்தால் தேவை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்பதைப் பாருங்கள். ஒரே மாதிரியில் எடுத்த இரண்டு விடைகளின் வித்தியாசம், தனி விடையைவிட எப்போதும் நம்பகமானது.

அதற்காகப் பெரிய மாதிரி தேவையில்லை. படிக்கட்டு, அலமாரி, கதவுப்பிடி வரை வரைந்து ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். நேரம் அங்கே வீணாகிறது, தவறும் அங்கேதான் ஒளிந்துகொள்கிறது. வெயில் பக்கம் ஒரு அறை, நிழல் பக்கம் ஒரு அறை, மேலே கூரைவெளி. இந்த மூன்று பெட்டிகள் போதும். முதலில் சூடாக்கி, குளிரூட்டி எதையும் வைக்காமல் ஓட்டி, வெயில் பக்க அறை ஒரு தெளிவான நாளில் எத்தனை டிகிரி வரை ஏறுகிறது, விடியற்காலையில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஓட்டத்தில் வீட்டின் குணம் அப்பட்டமாகத் தெரியும். குளிரூட்டியை வைத்துவிட்டால் அது எல்லாக் குறையையும் மின்சாரத்தால் மூடிவிடும்.

பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம்: கண்ணாடி அளவு, கண்ணாடி வகை, தரையின் தடிமன், கூரைக் காப்பு, காற்றுக் கசிவு, சன்ஷேடு. கான்கிரீட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் பயனும் கூடிக்கொண்டே போகாது என்பது இப்படி ஓட்டுபவருக்குச் சீக்கிரம் புரியும். ஒரு நாளின் வெப்ப அலை 10, 15 செ.மீ. ஆழத்துக்கு மேல் பெரிதாக நுழைவதில்லை. அதற்கு மேல் ஊற்றுவது, வெயில் கணக்கில், பணத்தைப் புதைப்பது.

சன்ஷேடு விஷயத்தில் மணிக் கணக்கின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். 40 டிகிரி அட்சரேகையில், கோடை உச்ச நாளின் நண்பகலில் சூரியன் 73 டிகிரி உயரத்தில், குளிர்கால உச்ச நாளில் 27 டிகிரிக்குச் சற்றுக் கீழே. 60 செ.மீ. நீட்டிய சன்ஷேடு கோடையில் 2 மீட்டர் ஆழத்துக்கு நிழல் தரும்; குளிர்காலத்தில் 30 செ.மீ. மட்டுமே மறைக்கும். தாளில் இது அழகான கணக்கு. ஆனால் வட அரைக்கோளத்தில் மார்ச் 21ஐ ஒட்டியும் செப்டம்பர் 22ஐ ஒட்டியும் சூரியன் ஒரே உயரம், ஒரே நிழல், 70 செ.மீ. மார்ச்சில் தரை இன்னும் குளிர்ந்து கிடக்கும், வெயில் வேண்டும். செப்டம்பரில் கோடையின் சூடு மண்ணிலும் காற்றிலும் மிச்சமிருக்கும், நிழல் வேண்டும். நிலையான எந்தச் சன்ஷேடும் இரண்டையும் தர முடியாது. வெளிப்புறத் திரையோ இலையுதிர்க்கும் கொடியோ வேண்டுமா என்பதை மணிக் கணக்கின் செப்டம்பர் நாள்கள்தான் சொல்லும். கோணத்தை மட்டும் பார்த்து வரைந்த சூரிய வீடுகள் இலையுதிர் காலத்தில் வேகின்றன என்றால் அதற்கு இதுதான் காரணம்.

வெப்ப நாடுகளில் கேள்வியே தலைகீழாகிறது. அங்கே வெயிலைப் பிடிப்பது நோக்கமல்ல. கூரையையும் மேற்குச் சுவரையும் காப்பதுதான் நோக்கம். ஈரப்பதம் கனத்த இடம் என்றால், காற்றிலுள்ள நீரைப் பிரிக்கக் குளிரூட்டி செலவிடும் மின்சாரத்தையும் எண்ண வேண்டும். இரவுக் காற்றை உள்ளே விட்டுச் சுவரை ஆற்றும் உத்தி பலிக்குமா என்பது, பகலும் இரவும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைப் பொறுத்தது. மாதச் சராசரியில் இது எதுவுமே தெரியாது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்துக்கு மணிக் கணக்கைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவிகளின் கணக்கு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வகம் 1975இல் வெளியிட்ட டிரான்சிஸ், சூரியக் கருவிகளுக்கென்றே பிறந்தது. தகடு, பம்பு, கலன், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு துண்டு. அவற்றைக் குழாய் பொருத்துவதுபோல் இணைத்து ஓட்டலாம். கலனில் மேலே சுடுநீரும் கீழே குளிர்நீரும் அடுக்காக நிற்பதை இது கையாளும் நுணுக்கத்துக்கு ஈடு குறைவு. கோடை வெயிலைப் பெரிய தொட்டியில் சேமித்துக் குளிர்காலத்தில் செலவிடும் வீடு, தரைக்கடியில் குழாய் ஓடும் வீடு, வெப்பப் பம்பும் சுடுநீர்த் தகடும் சேர்ந்து இயங்கும் வீடு என்றால் டிரான்சிஸுக்குச் செலவிடும் பணமும் உழைப்பும் தகும். வழக்கமான சுடுநீர்த் தகடு ஒன்று மட்டும்தான் என்றால் தேவையே இல்லை. அதற்கு எஃப்-சார்ட் என்ற எளிய முறை போதும். நூற்றுக்கணக்கான டிரான்சிஸ் ஓட்டங்களிலிருந்து 1970களில் வடித்தெடுத்த முறை அது.

மின்தகட்டுக்கு இலவசமாகவே நல்ல வழிகள் உண்டு. பி.வி.வாட்ஸ், ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். இரண்டும் இடம், சாய்வு, திசை கொடுத்தால் மாத உற்பத்தியைச் சொல்லிவிடும். பி.வி.வாட்ஸ் அழுக்கு, சிறு நிழல், கம்பி போன்ற இழப்புகளுக்குச் சேர்த்து இயல்பாக 14 சதவீதம் கழிக்கிறது. பக்கத்தில் மரமோ மாடியோ நிழல் போட்டால் அந்த எண் எதற்கும் ஆகாது. அப்போது முப்பரிமாண நிழலைக் கணக்கிடும் பி.வி.சிஸ்ட் போன்ற ஒன்று வேண்டும். தகட்டின் திறன் 25 டிகிரி சூட்டில் அளந்து எழுதப்படுவது. டிகிரிக்கு 0.4 சதவீதம் குறையும் தகடு, 65 டிகிரியில் 16 சதவீதம் குறைவாகத்தான் தரும். கூரையோடு ஒட்டிப் பதிப்பதா, காற்றோட இடைவெளி விடுவதா என்ற முடிவுக்கு இந்த ஒரு எண் போதும்.

பேட்டரியின் அளவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆண்டு உற்பத்தியும் ஆண்டுத் தேவையும் சமம் என்பதால் வீடு தன்னிறைவு பெற்றுவிடாது. மணிக் கணக்கில் வந்த தேவையையும் மணிக் கணக்கில் வந்த உற்பத்தியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான், மாலை ஆறு மணிக்கு மேல் எவ்வளவு வெளியிலிருந்து வாங்குகிறோம் என்பது தெரியும். எனர்ஜிபிளஸ் ஓட்டத்தின் வெளியீட்டை ஒரு எக்செல் தாளில் ஒட்டினாலே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடலாம்.

எந்தக் கருவியும் திருத்தாத உள்ளீடுகள்

வானிலைக் கோப்பு முதலாவது. பெரும்பாலானவை வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து வழக்கமான ஜனவரி, வழக்கமான பிப்ரவரி என்று பொறுக்கித் தைத்தவை. அமெரிக்காவின் டி.எம்.ஒய்.3 கோப்புகளில் பெரும்பாலானவை 1991 முதல் 2005 வரையிலான தரவில் செய்தவை. வழக்கமானதைத் தேடி எடுத்ததால் கடும் வெப்ப அலை அதில் இருக்காது. பழைய ஆண்டுகள் என்பதால் இன்றைய சூடும் இருக்காது. அண்மையில் நிஜமாகவே கொளுத்திய ஒரு கோடையின் தரவு கிடைத்தால், அதையும் ஒருமுறை ஓட்டாமல் சன்னல் அளவை இறுதி செய்யக் கூடாது.

காற்றுக் கசிவு இரண்டாவது. கட்டாத வீட்டின் கசிவை யாராலும் அறிய முடியாது. ஆகவே நல்ல வேலைக்கு ஒரு எண், சுமாரான வேலைக்கு ஒரு எண் என இரண்டிலும் ஓட்டுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம், நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த கண்ணாடி தரும் சேமிப்பைவிடப் பெரிதாக வந்தால், பணம் எங்கே போக வேண்டும் என்பது தெளிவு. மூன்றாவது ஆட்கள். ஒருவர் 20 டிகிரி போதும் என்பார், இன்னொருவர் 23 வைப்பார். இதையும் இரண்டு விதமாக ஓட்டலாம்.

எதை எடுப்பது

தன் வீட்டுக்குத் தானே கணக்குப் பார்க்க விரும்புபவருக்கு என் பரிந்துரை: எனர்ஜிபிளஸ், அதன் மேல் எளிய முகப்பு ஒன்று, மூன்று பெட்டி மாதிரி, தகட்டுக்குத் தனியாக பி.வி.வாட்ஸ் அல்லது பி.வி.ஜி.ஐ.எஸ். கற்றுக்கொள்ளச் சில வார இறுதிகள் போகும், பணம் போகாது. குளிர்ப் பிரதேசத்தில் பாசிவ் ஹவுஸ் சான்றிதழ் பெறுவதே நோக்கம் என்றால் பி.எச்.பி.பி. தவிர்க்க முடியாதது, அப்போதும் வெயில் பக்க அறையை மட்டும் மணிக் கணக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிரான்சிஸ், தொட்டியும் குழாயும்தான் வீட்டின் இதயம் என்பவருக்கு. அதையும் அனுபவமுள்ள பொறியாளரிடம் விடுவது நல்லது.

பொறியாளரிடம் விடுவதாக இருந்தால், வரைபடம் முடிந்த பிறகு வந்து சரிபார்ப்பவரை அல்ல, தொடக்கத்திலேயே உட்காருபவரைத் தேடுங்கள். முடிந்த வரைபடத்துக்குச் சிமுலேஷன் ஓட்டினால் கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டும். எத்தனை மாற்று வழிகளை ஓட்டுவார், எந்த வானிலைக் கோப்பு, கசிவுக்கு என்ன எண் என்று முன்னதாகக் கேளுங்கள். குளிரூட்டி இல்லாத ஓட்டத்தின் வெப்பநிலை வரைகோட்டையும் காட்டச் சொல்லுங்கள். அறிக்கையோடு உள்ளீட்டுக் கோப்பையும் உங்களிடம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குடிபுகுந்த முதல் ஆண்டின் மின்மானி அளவும் அறை வெப்பநிலையும் கையில் வந்ததும், அந்தக் கோப்பில் கசிவையும் வெப்பநிலை அமைப்பையும் நிஜத்துக்கு ஏற்பத் திருத்தி மறுபடி ஓட்டலாம். பின்னாளில் ஓர் அறை கூட்டும்போதோ சன்னலை மாற்றும்போதோ, உங்கள் வீட்டை அளந்து திருத்திய அந்தக் கோப்பிலிருந்தே தொடங்கலாம்.